ஒன்ராறியோ பாஸ் மீன்பிடிப் பெட்டியில் எதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வாறது?

சிம்கோக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோட வாறம். மூன்று கிழமை கோண்டாவிலில் தங்கல். பின்னேரம் கோயில் எண்டபடியால் எனக்குக் கிடைக்கிறது விடியக்காலை மட்டும்தான். மீன் பிடிக்கக் களப்புப் பக்கம் பண்ணை, பொன்னாலை, தொண்டைமானாறு போகலாம் எண்டு நினைக்கிறன். ஒரு நாள் கிளிநொச்சிக் குளங்கள் பக்கமும் போற எண்ணம்.

இஞ்ச ஒன்ராறியோவில் லார்ஜ்மவுத், ஸ்மோல்மவுத் எண்ட நன்னீர்ப் பாஸ் மீன் பிடிக்கிற பெட்டி ஒண்டு நிறைய லூர் (செயற்கை இரை) கிடக்கு. சென்கோ புழு, 3 அங்குல ரியூப், டிராப் ஷொட் றப்பர், துடுப்புவால் றப்பர் மீன், ஸ்பின்னர்பெயிட், சாட்டர்பெயிட், ஆழம் போற கிராங்க், ஆழம் போகாத கிராங்க், 11 சென்ரிமீற்றர் ஜேர்க்பெயிட், பொப்பர், தவளை, ஸ்பூன் (உலோகத் தகடு). தடி 7 அடி, நாலு துண்டாகக் கழரும், மீடியம் ஹெவி. ரீல் 3000. 20 இறாத்தல் பிரெயிட் (பின்னல் லைன்), 12 இறாத்தல் லீடர் (லூருக்கு முன்னால கட்டுற லைன் துண்டு).

பயணப் பெட்டியில் லூருக்கு எண்டு எனக்குக் கிடைச்சது ஒன்றரைக் கிலோ. மிச்சம் எல்லாம் சொக்கிலேற்றும் பிள்ளைகளின்ர உடுப்பும். எதைக் கொண்டு வாறது, எதை விடுறது? வெறுமனே "எல்லாம் பிடிக்கும்" எண்டு சொல்லாமல் காரணத்தோட சொன்னால் உதவி.

———

பண்ணைமதகு எழுதியது:

வாங்கோ அண்ணை. முதலில் ஒரு விசயம். இஞ்ச நீங்கள் தேடப்போற கொடுவா மீனை வெளிநாட்டில் ஆசியக் கடற்பாஸ் எண்டு சொல்லுவினம். உங்கட லார்ஜ்மவுத்துக்கும் அதுக்கும் உறவு ஒண்டும் இல்லை, குடும்பமே வேற. ஆனால் இரை எடுக்கிற விதம் ஒண்டுதான். மறைவில் நிண்டு, பெரிய வாயைத் திறந்து, தண்ணியோட சேர்த்து இரையை உறிஞ்சும். அதால உங்கட பெட்டியில் பாதி வேலை செய்யும். வேலை செய்யாதது லூரில் இருக்கிற தூண்டில்தான்.

களப்பு ஆழம் குறைஞ்சது. நீங்கள் கரையிலயும் தாம்போதியிலயும் (களப்புக்குக் குறுக்கால போற ரோட்டு) நிண்டு எறிஞ்சால் பெரும்பாலும் ஒரு ஆள் ஆழத்துக்குள்ளதான் விழும், கன இடத்தில் இடுப்பளவுகூட இல்லை. எனவே ஆழம் போற கிராங்க் எல்லாத்தையும் விட்டிட்டு வாங்கோ. 3 மீற்றர் இறங்கிற லூர் இஞ்ச முதல் சுற்றிலயே சாதாளையை (தண்ணிக்கடிப் புல்லை) வாரிக்கொண்டு வரும். டிராப் ஷொட்டும் வேண்டாம், அது ஆழத்தில் தொங்கி நிண்டு ஆடுறதுக்கு. 3 அங்குல ரியூப்பை நண்டு எண்டு நினைச்சு ஏதாவது கடிக்கும்தான், ஆனால் அதின்ர மெல்லிய தூண்டிலை ஒரு கைப்பிடிப் பாரையே நிமிர்த்திப் போடும்.

கட்டாயம் கொண்டு வர வேண்டியது துடுப்புவால் றப்பர் மீன். 9 முதல் 11 சென்ரிமீற்றர். திரளி, மணலை போல வெள்ளி, வெளிர்பச்சை முதுகு நிறத்தில் கூடுதலாக எடுங்கோ. வெள்ளை அல்லது மஞ்சட்பச்சையில் ஒரு பக்கற் காணும், அது காற்று அடிச்சுத் தண்ணி கலங்கிற நாளுக்கு. 20 துண்டுக்குக் குறையக் கொண்டு வராதேங்கோ. ஏனெண்டால் பேத்தை மீன். வாலை அரைவட்டமாக வெட்டின மாதிரி லூர் திரும்பி வந்தால் அது பேத்தையின்ர வேலை. அந்த இடத்தில் நிண்டு இன்னும் அஞ்சு துண்டைக் குடுக்காமல் ஐம்பது மீற்றர் தள்ளிப் போங்கோ. சென்கோவை வீட்டில் விடச் சொல்லுறதும் இதுக்காகத்தான். அது மெத்தென்ற சாமான், உப்புக் கலந்து செய்தது, பேத்தைக்கு நல்ல சாப்பாடு.

ஜிக் ஹெட் (ஈயத்தலைத் தூண்டில்) உங்களிட்ட இருக்கிறது வேண்டாம், புதுசா வாங்குங்கோ. 3/0, 4/0 அளவு, தடிச்ச கம்பி, 7 கிராமில் ஆறு, 10 கிராமில் ஆறு, 14 கிராமில் நாலு. ஆவணியில் சோழகம் இன்னும் ஓயாது. விடிய ஆறு மணிக்குக் கொஞ்சம் அமர்ந்திருக்கும், எட்டரைக்குப் பிறகு 7 கிராமை எறிஞ்சால் உங்கட முகத்துக்குத்தான் வரும். அப்பதான் அந்த 14 கிராம்.

சாதாளைப் படுக்கைக்கு மேல எறியிறதெண்டால் முனை மறைச்சுக் கோர்க்கிற அகலத் தூண்டில், 5/0, தண்டில் 3 முதல் 5 கிராம் ஈயம் ஒட்டினது, நாலு காணும். பாஸுக்குப் பாவிக்கிறது இதில மட்டும் அப்படியே சரிவரும், கம்பி மொத்தமாக இருந்தால்.

ஸ்பூன் 14 கிராமில் ஒண்டு, 20 அல்லது 28இல் இரண்டு. காற்றை வெட்டிக்கொண்டு போறது வேற ஒண்டும் இல்லை. சீலா, கட்டா இரண்டுக்கும் வேகமாக இழுக்க வேணும், பாஸுக்கு இழுக்கிற வேகத்தில் இழுத்தால் பின்னால வந்து பார்த்திட்டுப் போயிடும்.

பொப்பர் இரண்டு. மேல் தண்ணியில் நடக்கிற சுருட்டு வடிவ லூர் இருந்தாலும், அலை எழும்பின தண்ணியில் அதின்ர நடை தெரியாது, பொப்பரின்ர சத்தம் கேட்கும்.

ஸ்பின்னர்பெயிட் வேண்டாம். சுழலியும் கம்பியும் இரண்டாம் நாளே துருப்பிடிச்சுத் தகடு சுத்தாமல் நிற்கும். சாட்டர்பெயிட்டும் அதே கதைதான்.

லீடர் 12 இறாத்தல் காணாது. கொடுவாவின்ர வாய் அரத்தாள் மாதிரி, செவுள் மூடியில் கத்தி மாதிரி ஓரம் இருக்கு. 40 இறாத்தல் புளோரோகார்பன், 70 சென்ரிமீற்றர் நீளம். பிரெயிட் 30க்கு மாத்துங்கோ. ரீலின்ர பிடியை (லைன் ஓடாமல் இறுக்கிற டிராக்) 3 கிலோவுக்கு மேல இறுக்காதேங்கோ, உங்கட தடி அதைத் தாங்காது.

———

உவர்க்கிணறு எழுதியது:

பண்ணைமதகு சொன்னதில் பெரும்பகுதி சரி. சாட்டர்பெயிட்டில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. துருப்பிடிக்கும்தான், ஆனால் ஒண்டின்ர ஆயுள் மூன்று காலை எண்டு கணக்குப் போட்டுக் கொண்டு வந்தால் நட்டமில்லை. தொண்டைமானாற்றுப் பக்கம் தண்ணி கலங்கல், பார்வை ஒரு முழம்கூட இல்லை. அப்படியான இடத்தில் மீன் அதிர்வைக் கேட்டுத்தான் வரும். ஒண்டு போடுங்கோ, 14 கிராம், கறுப்பு அல்லது வெண்கல நிறம்.

இனித் தூண்டில் மாத்துற விசயம். இதை அங்கேயே, வெளிக்கிட முதல் செய்ய வேணும்.

ஜேர்க்பெயிட், கிராங்க், பொப்பர் மூன்றிலும் வாற மும்முனைத் தூண்டில் பாஸுக்கு எண்டு மெல்லிசாகச் செய்தது. கூர் நல்லாய் இருக்கும், இழுவை தாங்காது. பாரை ஒரு கிலோ இருந்தாலே மதகுத் தூணைச் சுத்தப் போகும், நீங்கள் மறிச்சுப் பிடிக்கேக்கை தூண்டில் விரியும். அதோட கோர்க்கிற இரட்டை வளையமும் விரியும். ஆக்கள் தூண்டிலை மாத்திப்போட்டு வளையத்தை மறந்திடுவினம், பிறகு மீன் புதுத் தூண்டிலையும் கொண்டு போயிடும். இரண்டையும் மாத்துங்கோ. 4எக்ஸ் எண்டு போட்டிருக்கிற தடிச்ச மும்முனை, அல்லது கண் நேராக இருக்கிற ஒற்றைத் தூண்டில் 1/0. சாதாரண ஒற்றைத் தூண்டிலின்ர கண் குறுக்காக இருக்கும், வளையத்தில் போட்டால் பக்கம் பார்த்துச் சரிஞ்சு நிற்கும், லூர் சாய்ஞ்சு ஓடும். ஒற்றை போடுறதில் இன்னொரு நன்மை, சாதாளை குறையப் பிடிக்கும், மீனை விடவும் லேசு. முன் தூண்டிலும் பின் தூண்டிலும் ஒண்டோடொண்டு எட்டாத அளவு பாருங்கோ. எட்டினால் ஒவ்வொரு எறிக்கும் பின்னிக்கொள்ளும்.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு. உங்கட ஜேர்க்பெயிட் நன்னீரில் நிறுத்தினால் அந்தரத்தில் நிற்கிற வகையாக இருக்கும். கடல்தண்ணி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம். 14 கிராம் லூர் எண்டால் ஏறக்குறைய 0.35 கிராம் மிதப்புக் கூடும், மெல்ல மேல எழும்பும். ஆவணியில் மழை இல்லை, ஆனையிறவில் உப்பு விளையிற வெயில், களப்பின்ர ஒதுக்குப்புறங்களில் உப்பு கடலைவிடக் கூட. அப்ப இன்னும் எழும்பும். தடிச்ச தூண்டில் போட்டால் பாரம் கூடி அது ஈடாகும், சில நேரம் மிஞ்சிப்போய் தாழும். ஊகிக்க வேண்டாம். ஒரு பத்து லீற்றர் வாளியில் 350 கிராம் உப்புக் கரைச்சுப் போட்டுப் பாருங்கோ. எழும்பினால் வயிற்றில் ஈயத்தாள் ஒட்டலாம். தாழ்ந்தால் நடுத் தூண்டிலைக் கழட்டி விடுங்கோ. மெல்லத் தாழுறதுதான் நல்லது எண்டு நினைக்க வேண்டாம், இந்த ஆழத்தில் பத்து செக்கனில் சாதாளைக்குள்ள கிடக்கும்.

கழுவுறது. நாள் முடிய லூர் எல்லாத்தையும் நல்ல தண்ணியில் பத்து நிமிசம் ஊறவிட்டு, துணியில் பரப்பிக் காயவைச்சுத்தான் பெட்டிக்குள்ள போட வேணும். ஈரமான ஒரு லூர் மூடின பெட்டியில் இருந்தால் பாவிக்காத மற்றப் பத்தும் சேர்ந்து துருப்பிடிக்கும். தீவுப்பகுதியில் நிண்டால் கன கிணறு உவர், அதில கழுவுறது உப்பை உப்பால கழுவுற மாதிரி. கோண்டாவில் கிணறு நல்ல தண்ணி, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ரீலைத் தண்ணிக்குள்ள அமிழ்த்தாதேங்கோ. பிடியை இறுக்கிப்போட்டு மேலால தெளிச்சு, துடைச்சு, பிறகு பிடியைத் தளர்த்தி வையுங்கோ.

றப்பர் மீன்களை வாங்கின பக்கற்றிலயே வையுங்கோ. நீட்டினால் றப்பர்பட்டி மாதிரி இழுபடுற இசட்மேன் வகையைச் சாதாரண றப்பரோட ஒரே பையில் போட்டால் இரண்டும் உருகிப் பசையாகும். வானின்ர முன் கண்ணாடிக்குக் கீழ வைச்சால் எந்த வகையும் உருகும்.

———

குளக்கட்டு எழுதியது:

கிளிநொச்சி நாளைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சுருக்கமாகச் சொல்லுறன்.

குளத்தில் நீங்கள் தேடுறது விரால். உள்ளீடற்ற றப்பர் தவளை மூன்று போதும், ஒண்டு கறுப்பு, ஒண்டு பச்சை, மற்றது எதுவும். இது பாஸுக்குப் பாவிக்கிற அதே சாமான்தான், தூண்டிலும் இரட்டையாகத் தடிப்பாக இருக்கும், மாத்தத் தேவையில்லை. கால் றப்பர் இழை நீளமாக இருந்தால் பாதி வெட்டி விடுங்கோ, விரால் வாலில் மட்டும் கடிச்சிட்டு விடுறது குறையும். தாமரை இலைக்கு மேல இழுத்து, இலை விளிம்பில் விழுத்தி, இரண்டு மூன்று செக்கன் சும்மா விடுங்கோ. அடிச்ச உடன இழுக்காதேங்கோ. தவளை வாய்க்குள்ள போய், லைன் நகருறது தெரிஞ்ச பிறகு ஓங்கி ஒரு இழுவை. விராலின்ர வாய் எலும்பு, மெல்ல இழுத்தால் தூண்டில் ஏறாது.

ஆவணியில் சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்து குளம் வற்றியிருக்கும், கரையோரப் புல்லு தண்ணியை விட்டுத் தள்ளிக் கிடக்கும். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தில் கட்டில நிண்டு வெட்டவெளித் தண்ணிக்கு எறியிறதில் பிரயோசனமில்லை. வாய்க்கால், சின்னக் குளம், தாமரை மூடின மூலை பாருங்கோ. தவளைக்கு மேலதிகமாக ஆழம் போகாத கிராங்க் ஒண்டு வைச்சிருந்தால் வாய்க்கால் தண்ணிக்கு உதவும்.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் ஒண்டு மேல வந்து வந்து போனால் அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதுக்கு எறிஞ்சால் கட்டாயம் அடிக்கும். அதாலதான் எறியக் கூடாது, தாயைப் பிடிச்சால் அந்தக் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்குத் தீனி.

வன்னிக் குளங்களில் முதலை இருக்கு. மாட்டின தவளையை எடுக்கத் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம். அறுத்து விடுங்கோ. அந்தந்தக் குளத்தில் தொழில் செய்யிற மீன்பிடிச் சங்கத்து ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு எறிஞ்சால் நல்லது, வலை எங்க கிடக்கு எண்டும் சொல்லுவினம்.

———

பண்ணைமதகு எழுதியது:

சாட்டர்பெயிட் ஒண்டு எண்டால் நானும் மறுக்கேல்லை, தொண்டைமானாற்றுக்கு மட்டும்.

உவர்க்கிணறு வலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டிட்டார். களப்புக்குள்ள வரிசையாகத் தடி நட்டிருக்கிறதைப் பார்த்து "நல்ல மறைவிடம், கொடுவா நிற்கும்" எண்டு பாஸ் பிடிக்கிற ஆக்கள் நினைப்பினம். அது சிறகு வலை. மீன் நிற்கும்தான், ஆனால் அது இன்னொருத்தரின்ர வீட்டு அடுப்பு. தடியில் இருந்து நாற்பது ஐம்பது மீற்றர் தள்ளி எறியுங்கோ. மும்முனைத் தூண்டில் வலையில் மாட்டினால் நீங்கள் இழுக்க இழுக்கக் கண்ணி கிழியும். மாட்டினால் லைனை அறுத்துப் போட்டு, வலைக்காரரிட்ட சொல்லுங்கோ. கையில் குத்துற சாமான் வலையில் இருக்கு எண்டு அவருக்குத் தெரிய வேணும்.

தாம்போதியில் எறியேக்கை பின்னால பாருங்கோ. பண்ணையிலயும் பொன்னாலையிலயும் பஸ்ஸும் மோட்டச்சைக்கிளும் உங்கட முதுகுக்குப் பின்னாலதான் போகும். தலைக்கு மேலால வீசாமல் பக்கவாட்டில், கீழ இருந்து எறியப் பழகிக்கொண்டு வாங்கோ. நேவி முகாம், சோதனைச்சாவடிப் பக்கம் எறிய வேண்டாம்.

இடம் எண்டு கேட்டால், மதகுக் கண்ணுக்குள்ளால தண்ணி ஓடுற நேரம் பாருங்கோ. இஞ்ச வற்றுப்பெருக்கு சின்னது, ஆனால் அகலமான களப்புத் தண்ணி ஒரு ஒடுக்கமான கண்ணுக்குள்ளால போக வேணும் எண்டபடியால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டத்துக்குக் குறுக்காக எறிஞ்சு, றப்பர் மீனைத் தண்ணி தானாகக் கண்ணின்ர நிழலுக்குள்ள கொண்டு போக விடுங்கோ. ஓட்டம் நிண்டால் கடியும் நிற்கும், வேற கண்ணுக்கு நடக்காமல் வீட்ட போங்கோ.

கம்பி லீடர் பற்றி யாரும் கேட்க முதல் சொல்லுறன். சீலாவுக்கு 30 இறாத்தல் பூச்சுக் கம்பி, 15 சென்ரிமீற்றர், ஸ்பூனுக்கு முன்னால மட்டும். அதில நாலு துண்டு செய்து கொண்டு வாங்கோ. றப்பர் மீனுக்குக் கம்பி போட்டால் தெளிஞ்ச தண்ணியில் கொடுவா திரும்பிப் போயிடும்.

———

சிம்கோக்கரை எழுதியது:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். நேற்று இரவு வாளியில் உப்புக் கரைச்சுப் பார்த்தன். பழைய தூண்டிலோட ஜேர்க்பெயிட் மெல்ல எழும்பிச்சுது, ஒற்றை 1/0 இரண்டு போட்டு நடுவைக் கழட்டி, வயிற்றில் ஈயத்தாள் ஒட்ட அசையாமல் நிக்குது. மனுசி குசினியில் உப்புப் பக்கற்றைத் தேடுறா.

இப்ப பட்டியல் இப்படி: றப்பர் மீன் 24, ஜிக் ஹெட் 16, மறைமுனைத் தூண்டில் 4, ஸ்பூன் 3, பொப்பர் 2, ஜேர்க்பெயிட் 2, ஆழம் போகாத கிராங்க் 2, தவளை 3, சாட்டர்பெயிட் 1. நிறுத்தால் பெட்டியோட 1 கிலோ 150 கிராம். மிச்ச 350 கிராமுக்கு என்ன போடலாம்? இன்னும் லூர் போடுறதோ? மற்றது, பிடிக்கிற மீனை என்ன செய்யிறது? திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை.

———

உவர்க்கிணறு எழுதியது:

லூர் காணும். மிச்சப் பாரத்துக்கு ஆயுதம் போடுங்கோ. வளையம் விரிக்கிற குறடு ஒண்டு, தடிச்ச தூண்டிலை வெட்டக்கூடிய பக்கவெட்டுக் குறடு ஒண்டு. இரண்டாவது முக்கியம். 4எக்ஸ் தூண்டில் கையில் ஏறினால் சாதாரண குறடு வெட்டாது. வீட்டிலயே ஒரு பழைய தூண்டிலை வெட்டிப் பார்த்திட்டு வாங்குங்கோ. எல்லாத் தூண்டிலின்ர எதிர்முள்ளையும் குறடால நசுக்கி விட்டால் கையில் இருந்தும் மீனில் இருந்தும் லேசாகக் கழரும். ஏற்பு ஊசி போட்டுக் கனகாலம் எண்டால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ. தூண்டில், ஈயம், தங்கூசி முடிஞ்சால் டவுனில் வாங்கலாம். தடிச்ச இரட்டை வளையமும் கண் நேரான ஒற்றைத் தூண்டிலும் தேடி அலைய வேண்டி வரும், அதில மேலதிகமாகப் பத்துப் பத்து.

தூண்டில் குறடு எல்லாம் ஏற்றிவிடுற பெட்டியில்தான், கைப்பையில் ஒண்டும் வேண்டாம். லூர் ஒவ்வொண்டுக்கும் தூண்டிலில் றப்பர் பட்டி சுத்தி விடுங்கோ, பெட்டியைத் திறந்து சோதிக்கிற ஆளின்ர கையும் கைதானே.

களப்புக்குள்ள இறங்கி நடக்கிறதெண்டால் பழைய சப்பாத்து ஒரு சோடி. காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடவுங்கோ, மணலுக்குள்ள படுத்திருக்கிற திருக்கை சத்தம் கேட்டு எழும்பிப் போகும். மிதிச்சால் வாலால குத்தும்.

மீன் விசயம். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுற மீன். கையளவு நீளத்தைத் தாண்டிப் பெருத்து வாறது அநேகமாக முட்டைத் தாய்தான். பெரிசு பட்டால் தண்ணிக்குள்ள வைச்சே தூண்டிலைக் கழட்டி விடுங்கோ, செவுளுக்குள்ள விரல் விடாதேங்கோ, மீனுக்கும் கூடாது உங்கட விரலுக்கும் கூடாது. பாரை, கட்டா நடுத்தரமாகப் பட்டால் தாம்போதியில் வலை பார்க்கிற ஆக்களுக்குக் குடுங்கோ. அடுத்த நாள் எந்தக் கண்ணில் ஓட்டம் எண்டு அவையே கூப்பிட்டுச் சொல்லுவினம்.

———

குளக்கட்டு எழுதியது:

மேல ஒரு திருத்தம். "கையளவு" எண்டு உவர்க்கிணறு எழுதினது முழுக் கை, தோளில் இருந்து விரல் நுனி வரை. உள்ளங்கையளவு எண்டு நினைச்சு ஆக்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வரப்போகினம்.